ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள்?

கொழும்பில் யாராவது வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பினால், பார்க்க வருபவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். “கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில மிஸ்மாரைக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டினம்” என்பார் ஒருவர். “பிரைவேட்டில பெல் அடிச்ச உடன வருவினம், காசு குடுக்கிறம்தானே” என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் பேசுவது தாதியரின் குணத்தைப் பற்றி. குணத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே தாதி, அதே பயிற்சி, அதே மனம் என்று வைத்துக்கொண்டாலும், அவரிடம் 5 நோயாளிகள் இருக்கும் இரவும் 20 நோயாளிகள் இருக்கும் இரவும் ஒன்றாக இராது. எவ்வளவு வேறுபடும், எந்த வழியாக வேறுபடும் என்பதைக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கின்றன. வீட்டுப் பேச்சுக்கு அவை வந்துசேரவில்லை, அவ்வளவுதான்.

பட்டியலில் 22 பேர், நள்ளிரவில் 3 பேர்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தாதி–நோயாளி விகிதம். குறிப்பிட்ட ஒரு நேரத்தில், குறிப்பிட்ட ஒரு வாட்டில், ஒரு தாதியின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள் என்பதே அது. “குறிப்பிட்ட நேரத்தில்” என்பதை விட்டுவிட்டால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. ஒரு வைத்தியசாலையில் மொத்தம் எத்தனை தாதியர், நாட்டில் எத்தனை தாதியர் என்ற எண்கள் பத்திரிகைக்கு உதவும். நோயாளிக்கு உதவுவது விடியற்காலை 3 மணிக்கு வாட்டில் நிற்பவர்களின் எண்ணிக்கை.

அரசாங்க வைத்தியசாலைகளின் வழமையான முறையைப் பாருங்கள்: காலை 7 முதல் பகல் 1 வரை ஒரு ஷிப்ட், பகல் 1 முதல் மாலை 7 வரை ஒன்று, மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை இரவு ஷிப்ட். ஒரு வாட்டில் காலையில் 6 பேர், பின்னேரம் 5 பேர், இரவில் 3 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலைக்கு 36 மணித்தியாலம், பின்னேரத்துக்கு 30, இரவுக்கு 36. ஒரு நாளைக்கு 102, வாரத்துக்கு 714 தாதி-மணித்தியாலங்கள். ஒருவர் வாரத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் 18 பேர் தேவை. ஆனால் யாரும் ஆண்டின் 52 வாரமும் வேலைக்கு வருவதில்லை. வருடாந்த லீவு, மருத்துவ லீவு, பிரசவ லீவு, பயிற்சி எல்லாம் கழித்து 42 வாரம் என்று எடுத்தால் தேவை 22 பேராகிறது.

ஆக, “அந்த வாட்டுக்கு 22 நர்ஸ்மார் இருக்கினம், இரவில ஒருத்தரையும் காணேல்லை” என்ற முறைப்பாட்டில் இரண்டு பாதியும் உண்மையாக இருக்கலாம். 22 பேரைக் கணக்கில் வைத்திருந்தால்தான் இரவில் 3 பேர் கிடைப்பார்கள்.

இந்த 22 பேரில் மூவர் விலகினால் என்ன ஆகும்? 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர்கள் சம்பளமற்ற லீவில் 5 ஆண்டு வரை வெளிநாடு செல்ல அரசாங்கம் வழிவிட்டது. அதற்கு முன்பும் பின்பும் வேலையை விட்டே போனவர்களும் உண்டு. மூவர் குறைந்தால் நாளுக்கு ஏறக்குறைய 14 மணித்தியாலம் இல்லாமல் போகிறது. அதாவது இரவு ஷிப்டில் ஒரு முழு ஆளும், அதற்கு மேல் கொஞ்சமும். அதை ஓவர்டைமால் அடைக்கலாம். அப்போது பின்னேர ஷிப்ட் முடித்தவர் அப்படியே இரவுக்கும் நிற்பார். பகல் 1 மணிக்கு வந்தவர் மறுநாள் காலை 7 மணிக்குத்தான் வீடு போவார். 18 மணித்தியாலம். பெயர்ப் பட்டியலில் விகிதம் சரியாக இருக்கும். விடியப்புறம் ஊசி மருந்தின் அளவைக் கணக்கிடும் மூளை மட்டும் 16 மணித்தியாலமாக வேலையில் இருக்கும்.

கட்டிலும் தலையும்

விகிதத்தின் மறுபக்கம் நோயாளிகள். தனியார் வைத்தியசாலை “கட்டில் இல்லை” என்று சொல்லலாம், சொல்கிறது. அரசாங்க வைத்தியசாலை சொல்வதில்லை. 3,000க்கும் மேற்பட்ட கட்டில்களோடு தீவின் மிகப் பெரிய வைத்தியசாலையான கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் நோயாளிகள் மாற்றி அனுப்பப்படுகிறார்கள். அனுமதியைக் கட்டில் எண்ணிக்கை கட்டுப்படுத்தாத இடத்தில், வாட்டு நிறைந்தால் பாய் விரிப்பதுதான் வழி. ஆகவே ஆளணியைக் கட்டில்களுக்கு ஏற்பக் கணக்கிட்டால் தவறும். தலைகளை எண்ண வேண்டும். தனியாரில் பெல் அடித்த உடனே ஆள் வருவதற்குக் காசு மட்டும் காரணமல்ல. அங்கே நோயாளி எண்ணிக்கைக்கு ஒரு கூரை இருக்கிறது.

கெசுவல்டி நாள் என்ற முறை இதை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒவ்வொரு வாட்டும் முறை வைத்து அவசர அனுமதிகளை ஏற்கும். அன்றைக்கு வருபவர் ஒவ்வொருவருக்கும் பெயர் பதிய வேண்டும், முதல் அளவுகளை எடுக்க வேண்டும், சேலைன் ஏற்றக் கையில் கனூலா போட உதவ வேண்டும், முதல் மருந்தைக் கொடுக்க வேண்டும், டிக்கெட்டை, அதாவது நோயாளியின் பதிவுத் தாள்களை, ஒழுங்குசெய்ய வேண்டும். ஏற்கெனவே கட்டிலில் இருப்பவருக்கு இரவில் ஆகும் நேரம் முழுவதையும் ஒரு புதிய அனுமதி தின்றுவிடும். அமெரிக்காவின் பெரிய வைத்தியசாலை ஒன்றின் 43 பிரிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு இதைத் தனியாக அளந்தது. ஆள் குறைந்த ஷிப்ட் ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் மரண அபாயம் 2% கூடியது. அனுமதியும் வெளியேற்றமும் அதிகமாக இருந்த ஷிப்ட் ஒவ்வொன்றுக்கும் 4% கூடியது. தலையை மட்டும் எண்ணினாலும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

இன்னொரு அளவும் உண்டு: நோயின் கனதி. ஒரு நோயாளிக்கு எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நேரம் கவனிப்புத் தேவை என்பது. நாளை வீடு போகவிருக்கும் 10 பேரைவிட, பக்கவாதத்தோடு கிடந்து மூக்குக் குழாயால் சாப்பாடு எடுக்கும் 4 பேர் கனமான வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதிக்கு ஒருவர் அல்லது இருவர் என்று வைப்பது இதனால்தான்.

சுருங்கச் சொன்னால், ஒரு ஷிப்டின் சுமை மூன்று விடயங்களால் ஆனது: எத்தனை தலைகள், எவ்வளவு வந்து போகிறார்கள், எவ்வளவு கடுமையான நோய்.

கவுண்டர் ஒன்று, வரிசை ஒன்று

“ஒரு நோயாளி கூடினால் கொஞ்சம் வேலை கூடும், அவ்வளவுதானே?” இங்கேதான் பெரும்பாலானோரின் கணக்குப் பிழைக்கிறது.

வெள்ளவத்தைப் பலசரக்குக் கடை ஒன்றின் காசாளரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக 3 நிமிடம். ஆட்கள் நேரம் குறித்து வருவதில்லை. சிலவேளை மூவர் ஒன்றாக வருவார்கள், சிலவேளை ஒருவரும் இல்லை. காசாளர் தன் நேரத்தில் பாதி வேலையாக இருந்தால், வரிசையில் சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம். 80% வேலையாக இருந்தால் 12 நிமிடம். 90% என்றால் 27 நிமிடம். 95% என்றால் 57. வேலை 80இலிருந்து 95க்குப் போனதில் காத்திருப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. இது வரிசைக் கணிதம். காசாளர் சோம்பேறியாக இருக்கத் தேவையில்லை.

வாட்டிலும் தேவைகள் நேரம் குறித்து வருவதில்லை. ஒருவரின் சேலைன் முடிகிறது, இன்னொருவர் வாந்தி எடுக்கிறார், மூன்றாமவரை ஸ்கேனுக்குக் கொண்டுபோக ஆள் வந்து நிற்கிறார், நான்காமவர் கழிப்பறைக்குத் தனியாக எழும்பி விழுகிறார், எல்லாம் ஒரே பத்து நிமிடத்தில். ஓய்வாகத் தெரியும் வாட்டில் தாதி ஒருவர் மேசையில் இருப்பது வீண் என்று நினைக்கிறோம். அந்த இடைவெளி இருந்தால்தான் அடுத்த அவசரத்துக்கு ஆள் உடனே போக முடியும். முழு நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும் தாதியரைக் கண்டு “பாவம், நல்லா வேலை செய்யினம்” என்கிறோமே, பயப்பட வேண்டிய வாட்டு அதுதான்.

கவனித்தல் என்ற கண்ணுக்குத் தெரியாத வேலை

மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, சேலைன் மாற்றுவது: தாதியின் வேலை என்றால் நமக்கு இவைதான் நினைவுக்கு வரும். இவற்றைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. வைத்தியர் வாட்டைச் சுற்றி வரும்போது ஒரு நோயாளியிடம் சில நிமிடங்கள் நிற்பார். மீதி நாள் முழுவதும் அந்த உடலில் என்ன மாறுகிறது என்று பார்ப்பவர் தாதி.

உடல் திடீரென்று சரிந்ததாகத்தான் வெளியே தெரியும். ஆனால் பல நேரங்களில் சில மணித்தியாலங்களுக்கு முன்பே அறிகுறி தொடங்கியிருக்கும். மூச்சு வேகமாகும், நாடித் துடிப்பு கூடும், ஆள் கொஞ்சம் குழம்பிப் பேசுவார். இவற்றை எண்களாக்கும் முறைக்கு ஆரம்ப எச்சரிக்கைப் புள்ளி என்று பெயர். பிரித்தானியாவில் 2012இல் கொண்டுவரப்பட்டு 2017இல் திருத்தப்பட்ட முறையில், மூச்சு வீதம், குருதியில் ஒட்சிசன் அளவு, மேலதிக ஒட்சிசன் கொடுக்கப்படுகிறதா என்பது, குருதி அமுக்கம், நாடித் துடிப்பு, விழிப்புநிலை, உடல் வெப்பநிலை என்று ஏழையும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். கூட்டுத்தொகை 5 என்றால் வைத்தியரை விரைவாகக் கூப்பிட வேண்டும். 7 என்றால் அவசர நிலை.

ஆள் குறைவு இந்த முறையை எப்படி உடைக்கிறது என்பதற்கு மூச்சு வீதமே நல்ல உதாரணம். குருதி அமுக்கத்தையும் ஒட்சிசனையும் இயந்திரம் சொல்லிவிடும். மூச்சை மட்டும் பெரும்பாலான வாட்டுகளில் நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 20 பேர் என்றால் 20 நிமிடம், வெறுமனே நின்று பார்ப்பதற்கு. நேரம் இல்லாத வாட்டுகளில் எல்லோருடைய அட்டையிலும் 18 அல்லது 20 என்று எழுதுவது உலகம் முழுவதும் தெரிந்த பழக்கம். 12 முதல் 20 வரை புள்ளி 0. 25 அல்லது அதற்கு மேல் போனால் புள்ளி 3. உண்மையில் நிமிடத்துக்கு 26 தடவை மூச்சு வாங்குபவருக்கு 18 என்று எழுதினால், கூப்பிட வேண்டிய எல்லைக்கு இருக்கும் 5 புள்ளியில் 3 மறைந்துபோகிறது. அட்டை சுத்தமாக இருக்கும். விசாரணை நடந்தாலும் “அளவுகள் எடுக்கப்பட்டன” என்றுதான் தெரியும்.

டெங்கு வாட்டில் ஒரு மணித்தியாலம்

கொழும்பில் இதை விளக்க டெங்குவைவிடப் பொருத்தமான நோய் இல்லை. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு பதிவானது. மேல் மாகாணத்து வாட்டுகள் பிதுங்கின. டெங்கு வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. உயிரைக் காப்பது அளந்து கொடுக்கும் திரவமும் இடைவிடாத கண்காணிப்பும். அதாவது, பெரும்பகுதி தாதியின் வேலை.

சிலருக்குக் காய்ச்சல் மூன்றாம் நாளுக்குப் பிறகு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும் இந்தக் காலம் ஆபத்தானது. திரவம் குறைந்தால் அதிர்ச்சிநிலை, அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலை. கூடினால், கசிவு நின்றபின் அது நெஞ்சில் தேங்கி மூச்சை அடைக்கும். எமது நாட்டு வழிகாட்டலின்படி 50 கிலோ எடையுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு இந்த 48 மணித்தியாலத்துக்கும் மொத்த ஒதுக்கீடு 4,600 மில்லிலீற்றர். குடிப்பதும் ஏற்றுவதும் சேர்த்துத்தான். சராசரியாக மணிக்கு 96 மில்லிலீற்றர். எந்த மணிக்குக் கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதை வைத்தியர் தீர்மானிக்கிறார், ஆனால் தாதி எழுதிய எண்களை வைத்து.

ஒவ்வொரு மணிக்கும் பார்க்க வேண்டியவை: நாடித் துடிப்பு, குருதி அமுக்கம், நகத்தை அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் நிறம் திரும்புகிறதா, கைகால் குளிர்கிறதா, மூச்சு வீதம், சிறுநீரின் அளவு. குருதி அமுக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. 100/80 என்று வந்தால் மேல் எண் 100 தானே, பரவாயில்லை என்று தோன்றும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 20 மட்டுமே. டெங்குவில் அந்த வித்தியாசம் 20 அல்லது அதற்குக் கீழ் போனால் அதிர்ச்சிநிலை தொடங்கிவிட்டது என்று பொருள். நோயாளி எழுந்திருந்து பேசிக்கொண்டுகூட இருக்கலாம். எண்ணைப் படியெடுக்க யாராலும் முடியும். இடைவெளியைக் கண்டு வைத்தியரைத் தேடிப் போகப் பயிற்சி வேண்டும்.

இவ்வளவையும் ஒருவருக்குச் செய்து எழுத 6 நிமிடம் ஆகும் என்று வைப்போம். அது தாராளமான கணக்கு இல்லை. ஆபத்தான கட்டத்தில் உள்ள 4 பேர் ஒரு தாதியிடம் இருந்தால் 24 நிமிடம். மீதி 36 நிமிடத்தில் சேலைன் வேகம், இரத்த மாதிரி, வைத்தியருடன் பேச்சு எல்லாம் அடங்கும். 10 பேர் இருந்தால் 60 நிமிடம். மணிக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய அளவு மறுகணமே இரண்டு மணிக்கு ஒருமுறை ஆகிவிடும். குழாய் கசியும் உடலில் அந்த ஒரு மணித்தியாலம் நீண்ட காலம். நோய் பெருகும் காலங்களில் டெங்குவுக்கென்று தனிக் கண்காணிப்புப் பிரிவுகளை உருவாக்கி, கடுமையானவர்களை ஒரே இடத்தில் சேர்த்து, அங்கே தாதியரைக் குவிப்பது இந்தக் கணக்கால்தான். மருந்தும் இயந்திரமும் இரண்டாம் பட்சம்.

எது முதலில் விடுபடும்

நேரம் போதாதபோது தாதி வேலைகளைக் கண்டபடி விடுவதில்லை, எதை விடுவது என்று தெரிவுசெய்கிறார். தேவை என்று தெரிந்தும் செய்ய முடியாமல் போன, அல்லது நேரம் பிந்திச் செய்த வேலைக்கு விடுபட்ட பராமரிப்பு என்று பெயர். இங்கிலாந்தில் 46 வைத்தியசாலைகளில் கேட்டபோது 86% தாதியர் தங்கள் கடைசி ஷிப்டில் குறைந்தது ஒரு வேலையாவது விடுபட்டதாகச் சொன்னார்கள். மிக அதிகமாக விடுபட்டது நோயாளியுடன் பேசி ஆறுதல் சொல்வது, 66%. அடுத்தது நோயாளிக்கு விளக்கிச் சொல்லிக் கொடுப்பது, 52%.

இந்த வரிசையில் ஒரு தர்க்கம் இருக்கிறது. மருந்து கொடுத்தால் கையெழுத்து வைக்க வேண்டும். விடுபட்டால் காகிதத்தில் தெரியும். பேசாமல் விட்டது தெரியாது. ஆகவே முதலில் போவது பேச்சு, பிறகு சொல்லிக் கொடுத்தல், வாய் சுத்தம், புரட்டிப் படுக்க வைத்தல், எழுப்பி நடக்க வைத்தல், பிறகு நேரத்துக்கு அளவெடுத்தல். மருந்து கடைசியில். வெளியே இருந்து பார்ப்பவருக்கு “மிஸ் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை” என்பதுதான் முதல் குறையாகத் தெரியும். ஆள்பற்றாக்குறையின் முதல் அறிகுறியும் அதுவே என்பது கவனிக்கப்படாமல் போகிறது.

விடுபட்டவை எல்லாம் சில நாள் கழித்துக் கணக்கைத் தீர்க்க வரும். அசையாமல் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் இடுப்பின் பின்புறத்திலும் குதிக்காலிலும் தோல் இரத்தம் இல்லாமல் சாகும். படுக்கைப் புண் சில மணித்தியாலங்களிலேயே தொடங்கி, ஆற மாதங்கள் எடுக்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் நடக்க வைக்காவிட்டால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டி நியுமோனியா வரும். வாயைச் சுத்தம் செய்யாவிட்டாலும் அதே நியுமோனியா. இன்சுலின் போடும் விதத்தைச் சொல்லிக் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் ஆள் இரண்டு வாரத்தில் திரும்பி வருவார், அதே வாட்டின் இன்னொரு பாயை நிரப்ப.

கொழும்பில் இதோடு மொழியும் சேர்கிறது. சிங்களம் தெரியாத தமிழ் நோயாளிக்கும் தமிழ் தெரியாத தாதிக்கும் இடையில் ஒவ்வொரு கேள்வியும் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும்; பல நேரம் பக்கத்துக் கட்டில்காரர்தான் மொழிபெயர்ப்பாளர். நேரம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது பேச்சு என்றால், மொழி தெரியாதவரிடம் அது இன்னும் ஆழமாக வெட்டுப்படும்.

சிக்கல் வருவதும் சாவதும்

நல்ல வைத்தியசாலை என்றால் நோயாளிக்குச் சிக்கல்கள் குறைவாக வரும் இடம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அமெரிக்காவில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 84,730 பேரின் பதிவுகளை வைத்து 2009இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மரணம் மிகக் குறைந்த வைத்தியசாலைகளில் 24.6% பேருக்குச் சிக்கல் வந்தது. மரணம் மிகக் கூடியவற்றில் 26.9%. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கடுமையான சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் முதலாவது வகையில் 12.5%, இரண்டாவது வகையில் 21.4%.

சிக்கல் வந்தபின் அதைக் கண்டுபிடித்து ஆளைக் காப்பாற்ற முடியாமல் போவதை மீட்கத் தவறல் என்பார்கள். காய்ச்சல் இரவு 11 மணிக்கு ஏறியது. யார், எத்தனை மணிக்குக் கண்டார்? கண்டவர் வைத்தியரைக் கூப்பிடும்வரை எவ்வளவு நேரம்? இந்த இரண்டு இடைவெளிகளிலும் நிற்பவர் தாதி.

ஆகவே தாதியியல் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் தலைமையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான முடிவு ஆச்சரியம் தரக் கூடாது. ஒரு தாதிக்குரிய நோயாளிகளில் ஒருவர் கூடும் ஒவ்வொரு தடவையும், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் மீட்கத் தவறலும் 7% கூடின. 2014இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 வைத்தியசாலைகளை வைத்துச் செய்த ஆய்விலும் அதே 7% வந்தது.

இந்த 7%ஐப் பிழையாக எடுப்பவர்கள் அதிகம். 100 பேரில் 7 பேர் மேலதிகமாகச் சாகிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. 1,000 சத்திரசிகிச்சை நோயாளிகளில் வழமையாக 20 பேர் இறக்கும் இடத்தில் ஒரு நோயாளி கூடினால் அது 21 பேரைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் 7% ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகும்: தாதிக்கு 4 பேர் என்பது 8 ஆனால் 31%. 20 என்பது 26 ஆகும். இந்த ஆய்வுகள் 4, 6, 8 என்ற எல்லைக்குள் அளந்தவை. 20க்கு நீட்டிக் கணக்குப் போடுவது முறையல்ல. ஆனால் 20இல் நிலைமை நன்றாக இருக்கும் என்று நம்பவும் காரணம் இல்லை.

“ஆள் கூடிய வைத்தியசாலை பணக்கார வைத்தியசாலையாக இருக்கும், வேறு வசதியும் இருந்திருக்கும்” என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. அதற்கு ஓரளவு பதில் குயீன்ஸ்லாந்திலிருந்து வந்தது. அந்த அவுஸ்திரேலிய மாநிலம் 2016இல் தெரிவுசெய்த அரசாங்க வைத்தியசாலைகளின் வாட்டுகளில் பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று சட்டம் போட்டது. சட்டம் வந்த 27 வைத்தியசாலைகளையும் வராத 28ஐயும் ஒப்பிட்டு 2021இல் முடிவு வெளியானது. சட்டம் வந்த இடங்களில் மரண வாய்ப்பு 11% குறைந்தது. மற்றவற்றில் அப்படிக் குறையவில்லை. திரும்ப அனுமதியாவதும் கட்டிலில் தங்கும் நாளும் குறைந்ததால் மிச்சமான பணம், புதிய தாதியருக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் ஆளைக் கூட்டினால் போதுமா?

எந்த ஆள் என்பதும் முக்கியம். ஒரு வாட்டில் பயிற்சி பெற்ற தாதியர், உதவியாளர், சிற்றூழியர் எந்த அளவில் கலந்திருக்கிறார்கள் என்பதைத் திறன் கலவை என்பார்கள். தாதி கிடைக்காவிட்டால் உதவியாளரை வைத்துச் சமாளிக்கலாம் என்பது நிர்வாகங்களுக்கு எங்கும் தோன்றும் யோசனை. ஆறு ஐரோப்பிய நாடுகளின் தரவில், 25 நோயாளிகளுக்கு ஒரு தாதியை எடுத்துவிட்டு ஓர் உதவியாளரைப் போட்ட இடங்களில் மரண வாய்ப்பு 21% கூடியிருந்தது. டெங்கு வாட்டில் பயிற்சி பெற்ற கண் மட்டுமே ஆபத்தைக் கண்ட அந்த 100/80ஐ நினைத்துப் பாருங்கள்.

மறுதலையும் உண்மை. சிற்றூழியர் இல்லாத வாட்டில் தாதியே ட்ரொலி தள்ளுவார், ஆய்வுகூடத்துக்கு மாதிரி கொண்டுபோவார், பதிவேடுகளை நிரப்புவார். மூன்று வருட டிப்ளோமா முடித்தவரின் நேரம் அப்படிக் கரையும்போது, விகிதத்தைச் சட்டமாக்கினாலும் கவனிக்கும் நேரம் கூடாது. கலிபோர்னியா 1999இல் சட்டம் இயற்றி, 2004இல் அமுல்படுத்தி, பொது வாட்டில் 5க்கு ஒருவர் என்ற நிலைக்கு 2005இல் வந்தது. ஒரு நாளில் நடக்கவில்லை. இங்கே அதே எண்ணை நாளைக்கே எழுதிவைத்தால் அது காகிதமாகத்தான் இருக்கும். எந்த வாட்டில், எந்த ஷிப்டில், எத்தனை தலைக்கு எத்தனை தாதி நின்றார் என்பதை நாள்தோறும் எழுதி வெளியிடுவது அதைவிடப் பயன்தரும் என்பது எமது எண்ணம். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

உறவினர் செய்யக்கூடியவை

மருந்து ட்ரொலியோடு நிற்கும் தாதியிடம் கேள்வி கேட்காதீர்கள். சிட்னியில் இரண்டு வைத்தியசாலைகளில் அளந்தபோது, மருந்து கொடுக்கையில் வந்த குறுக்கீடு ஒவ்வொன்றும் மருந்துத் தவறை ஏறக்குறைய 12% கூட்டியது. உங்கள் கேள்விக்கான விலையைப் பக்கத்துக் கட்டில்காரர் கொடுக்கக்கூடும். மாலை 7 மணிக்கு ஷிப்ட் மாறும். அப்போது ஒரு தாதி மற்றவரிடம் பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருப்பார். எட்டு மணிக்குப் பேசுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசி மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

“அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு” என்பதை வைத்து வேலைபார்ப்பது கடினம். “காலை ஆறு மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை”, “நேற்று வரைக்கும் நல்லாக் கதைச்சவ, இண்டைக்கு என்னை ஆரெண்டு கேக்கிறா” என்று நேரத்தோடு சொல்லுங்கள். புதிதாக வந்த குழப்பம் மட்டுமே எச்சரிக்கை முறையில் 3 புள்ளி. வீட்டுக்காரருக்குத்தான் அது முதலில் தெரியும், ஏனென்றால் ஆள் வழமையில் எப்படிப் பேசுவார் என்று தாதிக்குத் தெரியாது. எடுக்கும் மருந்துகள், ஒவ்வாமை, கிளினிக் புத்தகம் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதி நோயாளியிடம் கொடுத்துவிடுங்கள். மொழியில் போகும் நேரம் மிச்சமாகும்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டுவதற்கு உதவ முடியுமா என்று கேளுங்கள். ஒருமுறை காட்டித் தந்தால் பார்வை நேரத்தில் நீங்களே செய்யலாம். சேலைன் வேகத்தை மட்டும் தொடவே வேண்டாம், சொட்டு நின்றுபோனாலும்.

டெங்கு நோயாளி என்றால், குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று எழுத ஒரு தாள் தருவார்கள். அளவுக் கோப்பை ஒன்று வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். பார்க்க வரும்போது ஆசையாகக் கொண்டுவரும் செவ்விளநீரும் அந்த 4,600க்குள் அடங்க வேண்டியது. கொடுப்பதற்கு முன் மிஸ்ஸிடம் கேளுங்கள். கொடுத்தால் மில்லிலீற்றரில் எழுதுங்கள்.